கைக்கு விடுமுறை

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் செயற்கை மார்பகம் பொருத்தும் அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதிலிருந்து தேற மாதக்கணக்காகிறது. அந்த மாதங்களில் ஒரு பெண்ணுக்கு மருந்துக்கு இணையாகத் தேவைப்படுவது வீட்டு வேலையிலிருந்து விடுப்பு. நம் வீடுகளில் அதுதான் சுலபத்தில் கிடைப்பதில்லை.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, சமையலறையின் மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுக்க அவர் வலது கையை உயர்த்தினார். தோளுக்கு மேல் கை போகவில்லை. மார்பின் குறுக்கே கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரு வலி. டப்பா கீழே விழுந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தானேயில் வசிக்கும் 46 வயது வங்கி ஊழியர் அவர். பெயர் வேண்டாம் என்கிறார். புற்றுநோய் காரணமாக வலது மார்பகம் அகற்றப்பட்டு, அதே அறுவை சிகிச்சையில் செயற்கை மார்பகத்துக்கான முதல் கட்ட ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், கடினமான வேலைகளைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் சர்க்கரை டப்பாவை எடுப்பது கடினமான வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. எந்த இந்தியப் பெண்ணுக்கும் தோன்றியிருக்காது.

அந்த ஒரு வரிக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் இடையே உள்ள தூரம்தான் பிரச்சினை. இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இன்று மார்பகப் புற்றுநோய்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே இங்கு நோய் வருகிறது. அதாவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயதில், அலுவலகத்தையும் அடுப்பையும் ஒருசேரச் சமாளித்துக்கொண்டிருக்கும் வயதில். மார்பகத்தை முழுவதுமாக இழப்பவர்களில் மறுசீரமைப்புச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் இன்னமும் சிறுபான்மையினரே. பெருநகர மருத்துவமனைகளில் அவர்கள் எண்ணிக்கை பெருகிவருகிறது. ஆபரேஷனைப் பற்றி அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு வரும் ஆறு மாதங்களைப் பற்றித்தான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லப்படுவதில்லை.

இந்தச் சிகிச்சையின் வரலாறு நீண்டது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரபலமாக்கிய முறையில் மார்பகத்தோடு மார்புத் தசையையும் அகற்றிவிடுவார்கள். மீண்டும் எதையும் பொருத்த அங்கே இடமே இருக்காது. பிற்பாடு தசையை விட்டுவைக்கும் முறைகள் வந்தன. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலாகச் சிலிகோன் செயற்கை மார்பகத்தை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். 1992இல் பாதுகாப்புப் பற்றிய சந்தேகங்களால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதன் பொது உபயோகத்தை நிறுத்திவைத்தது. அப்போதும் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் ஆய்வின் பேரில் அனுமதி இருந்தது. 2006இல் தடை விலகியது.

இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. மார்பகத்தை அகற்றிய கையோடு நிரந்தரமான செயற்கை மார்பகத்தைப் பொருத்திவிடுவது ஒன்று. மேல்தோல் போதுமான அளவு மிஞ்சியிருந்து, அதன் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால்தான் இது சாத்தியம். இரண்டாவது, தானே பெண்மணிக்குச் செய்யப்பட்ட முறை. முதலில் எக்ஸ்பாண்டர் எனப்படும் விரியும் பையை மார்புத் தசைக்கு அடியிலோ மேலேயோ வைத்துத் தைத்துவிடுகிறார்கள். காயம் ஆறிய பிறகு, அதிலுள்ள ஒரு சிறு வால்வு வழியாக ஊசி மூலம் உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தோலை விரியச் செய்கிறார்கள். தேவையான அளவு வந்ததும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை காத்திருந்து, இரண்டாவது ஆபரேஷனில் பையை எடுத்துவிட்டு நிரந்தரமானதை வைக்கிறார்கள்.

ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தன் சிகிச்சை பற்றி எழுதிய கட்டுரை இந்த முறையை உலகறியச் செய்தது. மார்பகங்களை அகற்றிய ஒன்பதாவது வாரத்தில் தனக்கு இறுதி ஆபரேஷன் முடிந்ததாக அவர் எழுதியிருந்தார். இங்கும் பலர் மனதில் அந்த ஒன்பது வாரக் கணக்கு பதிந்துவிட்டது. ஆனால் ஜோலிக்குப் புற்றுநோய் இல்லை. வராமல் தடுக்கவே அவர் ஆபரேஷன் செய்துகொண்டார். கீமோதெரபி, கதிர்வீச்சு என்று சிகிச்சைகள் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறு மாதம் சகஜம். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு.

முதல் இரண்டு வாரங்களில் வலியைவிட அதிகம் படுத்துவது வடிகுழாய்கள்தான். ஆபரேஷன் நடந்த இடத்தில் சேரும் நிணநீரையும் ரத்தத்தையும் வெளியேற்றப் பக்கவாட்டில் ஒன்றிரண்டு பிளாஸ்டிக் குழாய்களை விட்டிருப்பார்கள். குழாயின் நுனியில் கையடக்கமான ஒரு குமிழ் தொங்கும். தினமும் அதைக் காலி செய்து எத்தனை மில்லி என்று குறித்துவைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் வடிவது ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்கள். பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கும் கைக்கும் தலையணை கொடுத்து. தானே பெண்மணிக்கு ஒரு குழாய் ஒன்பதாம் நாளும் மற்றொன்று பதினாறாம் நாளும் எடுக்கப்பட்டன. குமிழ்களை உள்ளே போட்டுக்கொள்ள அவர் மாமியார் பழைய பருத்திப் புடவையில் பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். வார்டில் கிடைத்த எந்த யோசனையையும்விட இதுதான் உருப்படியாக உதவியது என்கிறார் அவர்.

அடுத்தது கை. நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்பது பொதுவான விதி. மருத்துவமனையில் கேட்கும்போது இது சின்ன விஷயமாகப் படும். சாதம் நிறைந்த ஐந்து லிட்டர் குக்கர் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தண்ணீர்க் குடம், ஈரத் துணி நிறைந்த வாளி, இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை எல்லாமே வரம்புக்கு அப்பாற்பட்டவை. உயரக் கொடியில் துணி உலர்த்துவது, பரணில் கை வைப்பது, மாவு பிசைவது, கல்லில் அரைப்பது, தரை துடைப்பது ஆகியவையும் கூடாது. புறநகர் ரயிலில் மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வடிகுழாய் எடுத்து, வலி மாத்திரையையும் நிறுத்திய பிறகே ஸ்கூட்டரோ காரோ ஓட்டலாம். அதுவும் டாக்டர் அனுமதித்தால்.

தசைக்கு அடியில் பை வைக்கப்பட்டவர்களுக்குச் சப்பாத்தி இடுவதே ஒரு சோதனை. குழவியை அழுத்தித் தள்ளும்போது வேலை செய்வது மார்புத் தசைதான். காயம் ஆறிய பின்னும் அந்தத் தசை இறுகும்போதெல்லாம் செயற்கை மார்பகம் அசைவதையும் மேலே இழுபடுவதையும் சில பெண்கள் உணர்கிறார்கள். தசையைக் கிளப்பாமல் அதன் மேலேயே பொருத்தும் முறைக்குப் பல சர்ஜன்கள் இப்போது மாறிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகக் கையை அசைக்காமலே வைத்துக்கொள்வதும் ஆபத்து. தோள் இறுகிப்போகும். பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கவே முடியாது. அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களுக்கு அங்கிருந்து முழங்கை வரை நரம்பு விடைத்தாற்போல் ஒரு கயிறு தெரியலாம். அது பயப்பட வேண்டியதில்லை, பயிற்சியில் தளர்ந்துவிடும். முதல் நாட்களில் விரல், மணிக்கட்டு, முழங்கை. டாக்டர் அனுமதித்த பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையைச் சிறிது சிறிதாக உயர்த்துவது. இதுதான் வழக்கமான வரிசை. தானே பெண்மணி சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். தினமும் கை எட்டும் உயரத்தில் ஒரு கோடு. தலையைத் தானே வாரிக்கொண்ட நாளில் ஐந்தாவது வாரம் முடிந்திருந்தது.

பைக்கு நீர் ஏற்றுவது ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தொடங்குகிறது. வாரத்துக்கொரு முறையோ இரு வாரத்துக்கொரு முறையோ போய் வர வேண்டும். ஊசி குத்துவதே பலருக்குத் தெரிவதில்லை. அன்று இரவும் மறுநாளும் மார்பில் ஒரு பெரிய இறுக்கம் இருக்கும், பிறகு அடங்கும். இந்தக் கட்டத்தில் ஒரு பக்கம் மேலே ஏறி, உருண்டையாக, கல்லுப்போல் இருக்கும். இதுதான் முடிவான தோற்றம் என்று நினைத்து அழுகிறவர்கள் உண்டு. அது வெறும் அச்சு, இரண்டாவது ஆபரேஷனில் இது மாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அழுகை மிச்சம். இன்னொரு எச்சரிக்கையும் அவசியம்: பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களின் வால்வில் காந்தம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகுமிடத்தில் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது தொற்றுக்குத்தான். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, திடீர் வீக்கம், காயம் பிரிவது, துர்நாற்றமுள்ள கசிவு, தோல் கருத்துப்போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உடலுக்கு அந்நியமான ஒரு பொருள் உள்ளே இருக்கும்போது வெறும் மாத்திரையால் தொற்று அடங்காமல் போகலாம். அப்படியானால் அதை எடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்துத்தான் மறுபடி முயல முடியும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகையிலையும் இந்த அபாயத்தை அதிகரிக்கின்றன. கதிர்வீச்சும் அப்படித்தான். அதற்குப் பிறகு செயற்கை மார்பகத்தைச் சுற்றி உடல் உண்டாக்கும் மெல்லிய உறை தடித்து இறுகி, வலியும் உருக்குலைவும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. எனவேதான் கதிர்வீச்சு நிச்சயம் என்று தெரிந்தால் பல சர்ஜன்கள் மறுசீரமைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள் அல்லது வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்துச் செய்யும் முறையைச் சிபாரிசு செய்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை தாமதமாகக் கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான விதி.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. புதிய மார்பகத்துக்கு வடிவம் உண்டு, உணர்வு இல்லை. தோலுக்கு உணர்வு தரும் நரம்புகள் மார்பகத்தோடு வெட்டுப்பட்டுவிடுகின்றன. ஒன்றிரண்டு வருடங்களில் ஓரளவு உணர்வு திரும்பலாம். முன்போல் ஆவது அரிது. அகற்றப்பட்ட மார்பகத்தில் அரிப்பதுபோல் தோன்றுவதும் உண்டு, சொறிந்தால் எங்கும் படாது. தாம்பத்தியத்தில் இதன் பாதிப்பை எந்தத் தாளிலும் அச்சிட்டுத் தருவதில்லை. கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து டாக்டரிடம் இதைக் கேட்பதும் இங்கு அபூர்வம். தொட்டால் அவருக்கு வலிக்குமோ என்று கணவர் பல வாரங்கள் விலகியே படுத்திருந்தார். அருவருப்புதான் காரணம் என்று மனைவி நினைத்துக்கொண்டார். தானே வீட்டில் நடந்தது இது. ஒரு நாள் இரவு மகள் தூங்கிய பிறகுதான் இருவரும் இதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

உணர்வின்மைக்கு நடைமுறை ஆபத்தும் உண்டு. வலிக்கிறதே என்று வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். மரத்துப்போன தோலில் சூடு தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகே விஷயம் புரியும். எனவே ஒத்தடம் கூடவே கூடாது. அடுப்பருகே நிற்கும்போதும் கவனம் தேவை.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடச் சிறியது. பெரும்பாலும் ஒரு நாளில் வீடு திரும்பலாம். முலைக்காம்பை அங்குள்ள தோலைக் கொண்டே பின்னர் உருவாக்கலாம் அல்லது பச்சை குத்தி நிறம் தரலாம். அதோடு கதை முடிந்துவிடுவதில்லை. செயற்கை மார்பகம் ஆயுளுக்கும் உழைக்கும் பொருள் அல்ல. 10, 15 வருடங்களிலோ அதற்கு முன்போ மாற்ற நேரலாம். கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால், சிலிகோன் வைத்துக்கொண்டவர்கள் ஐந்தாறு வருடங்களிலும் அதன் பின் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில ரகங்களைச் சுற்றி ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் அரிதாக உண்டாவது தெரியவந்ததால் 2019இல் ஒரு பெரிய நிறுவனம் அந்த ரகத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வருடங்கள் கழித்துத் திடீரென ஒரு பக்கம் வீங்கினால் அதைப் பரிசோதிக்க வேண்டும். அதற்காகப் பீதி தேவையில்லை. செயற்கை மார்பகத்தால் பழைய மார்பகப் புற்றுநோய் திரும்புவதில்லை. விமானத்தில் போனால் அது வெடிப்பதும் இல்லை.

பணம் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. இது அழகு சிகிச்சை, காப்பீட்டில் வராது என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி வேறு சொல்கிறது. தோற்றத்தை மாற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை; ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு இதற்கு விலக்கு. அமெரிக்காவில் மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம் மறுசீரமைப்புக்கும் தந்தாக வேண்டும் என்று 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைக்கென இலவசப் பிரிவு தொடங்கியபோது, ஏழைகளுக்கு அரசுச் செலவில் அழகு எதற்கு என்ற விவாதம் கிளம்பியது. ஒரு காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

எல்லோரும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று பஞ்சு அல்லது சிலிகோன் பொதியை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்று தட்டையான மார்போடு நிமிர்ந்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்பதை அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் விவரம் தெரிந்து தேர்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

ஜூனில் முதல் ஆபரேஷன் செய்துகொண்ட தானே பெண்மணிக்கு டிசம்பரில் இரண்டாவது முடிந்தது. ஏழாவது வாரத்திலேயே வங்கி வேலைக்குத் திரும்பியிருந்தார். கை இப்போது மேல்தட்டை எட்டுகிறது. ஆனால் அங்கே எதுவும் இல்லை. டப்பா விழுந்த அன்று மாலையே கணவரும் மகளும் மேல்தட்டைக் காலி செ்து எல்லாவற்றையும் கீழே அடுக்கிவிட்டார்கள். குக்கரை இறக்குவது அன்றிலிருந்து கணவரின் வேலை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உத்தேசம் தனக்கு இல்லை என்கிறார் அவர்.

வீடு திரும்பும் முன் கேட்க வேண்டியவை

• எந்தெந்த வேலைகளை எத்தனை வாரம் செய்யக்கூடாது? தூக்குவது, துணி உலர்த்துவது, மாவு பிசைவது, வண்டி ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீட்டில் உள்ள ஒருவர் உடன் இருந்து கேட்கட்டும்.

• வடிகுழாயைக் காலி செய்வது எப்படி என்று செவிலியர் முன்னால் ஒரு முறை செய்து காட்டுங்கள்.

• கைப்பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம்? பிசியோதெரபிஸ்ட் யார்?

• இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்?

• கதிர்வீச்சு தேவைப்படுமா? தேவைப்பட்டால் அது செயற்கை மார்பகத்தை எப்படிப் பாதிக்கும்?

• உள்ளே வைத்த பொருளின் தயாரிப்பாளர், அளவு, வரிசை எண் கொண்ட அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

• இரண்டாவது ஆபரேஷனுக்கும் காப்பீடு உண்டா என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

• மறுபக்க மார்பகத்துக்கு மேமோகிராம் பரிசோதனை தொடர வேண்டும். அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.